வெள்ளைப் பூ அமெரிக்கா, சிவப்புப் பூ ஐரோப்பா

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், சென்ற திங்கட்கிழமை காலை சிங்காநல்லூரில் உள்ள நம் வீட்டு வாஷிங் மெஷினிலிருந்து நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று துவைக்கப்படாமலேயே வெளியேற்றப்பட்டது. சட்டைக்குக் காயம் ஏதுமில்லை. சட்டைக்குச் சொந்தக்காரனைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்வதற்கில்லை.

மகனே, அந்தச் சொந்தக்காரன்தான் உன் அப்பன். நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மா யாரென்று எனக்கே தெரியாது. எனக்கு ஆடி வந்தால்தான் பதினெட்டு முடிகிறது. பிறகு ஏன் இப்போதே கடிதம் என்று கேட்பாய். அப்பா ஆனபிறகு எழுதினால் பொய் கலந்துவிடும், அதனால்தான். என் அப்பா தன் பதினெட்டு வயதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் விடியக்காலை நாலரைக்கே எழுந்து படித்ததாகச் சொல்கிறார். அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர் ஒருவரிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். மனுசன் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பிவிட்டார். எனவே சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன். உனக்கு இருபது, இருபத்தைந்து ஆகி, எந்த ஊரில் போய் வாழ்வது என்று ஆளுக்கொரு படம் காட்டி உன்னை இழுக்கும்போது எடுத்துப் படி. மற்றவர்களும் படித்துக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை. உங்கள் வீட்டிலும் வெளிநாட்டில் ஒரு மாமா இருப்பார்.

நம் வீட்டில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் வரைபடத்தில் இல்லை, சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, இருப்பது டல்லாஸில். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, இருப்பது நெதர்லாந்தில் ஐந்தோவன் என்ற ஊரில். பிளஸ் டூ முடித்த என்னை மேல்படிப்புக்கு யாரிடம் அனுப்புவது என்பதுதான் பிரச்சினை. அப்பா லேத் பட்டறையில் பம்புக்கு ஷாஃப்ட் கடைகிறவர், அளவில் ஒரு மயிரிழை தப்பினாலும் தூக்கி எறிந்துவிடுவார். ஆனால் அக்கா ஊர் என்று வந்துவிட்டால் அந்த அளவுகோலெல்லாம் காணாமல் போய்விடும். அம்மா பரணிலிருந்து பவானி ஜமக்காளம் ஒன்றை எடுத்து வெயிலில் உதறி, "இது டல்லாஸ் வீட்டு ஹாலுக்குச் சரியா இருக்கும்" என்பார். அப்பா அதையே திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா ஊட்டு ஹாலும் இத்தனைதான்" என்பார். ஜமக்காளம் மாதிரியே நானும் நடுவில் விரிந்து கிடந்தேன்.

என் கட்சி வேறு. எங்கேயும் போகமாட்டேன். இதை மார் தட்டிச் சொன்னேன், ஒருமுறை அல்ல, மூன்று மாதமாகத் தினமும். காரணமில்லாமல் சொல்லவில்லை. மாமா வாராவாரம் வீடியோவில் வந்து வீட்டைச் சுற்றிக் காட்டுவார். நாலு பெட்ரூம், ரெண்டு கார் நிற்கும் ஷெட், பின்னால் புல்வெளி. ஒரு ஞாயிறு நான் கேட்டேன்.

"மாமா, கறிவேப்பிலை தீந்துபோச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?"

"இந்தியக் கடை இருக்குதுடா. காரை எடுத்தா இருவது நிமிசம்."

"நடந்து போனா?"

"நடந்து யாரும் போனதில்லடா. ரோட்டோரமா நடந்தா கார்ல போறவங்க நிறுத்தி, என்னாச்சு, உதவி வேணுமானு கேப்பாங்க."

"வெயிலு எப்படீங்க?"

"அடிக்கும். நம்மூரு சித்திரையெல்லாம் பக்கத்துல நிக்க முடியாது. ஆனா தெரியவே தெரியாது. வீட்ல ஏசி, கார்ல ஏசி, ஆபீஸ்ல ஏசி."

"அப்ப இத்தனை வருசமா ஊரையே பாத்ததில்லைனு சொல்லுங்க. அதான் டல்லாஸ் டல்லா தெரியுது."

அம்மா கேமராவுக்குத் தெரியாமல் என் தொடையில் கிள்ளினார். அந்தக் கிள்ளுக்கு அப்பா கொடுத்த புன்னகையைப் பார்த்திருக்க வேண்டும் நீ. ஆனால் அத்தையையும் நான் விடவில்லை. கட்சி நடுநிலையானது. அத்தை அனுப்பும் படங்களில் பாதி, சூரியன் படம். "இன்னிக்கு வெயில் வந்துச்சு கண்ணு" என்று கூடவே ஒரு வரி. நம் ஊரில் சூரியனை யாரும் படம் பிடித்து அனுப்புவதில்லை, ரேஷன் கார்டில் பேர் சேர்க்காததுதான் பாக்கி. குளிர்காலத்தில் சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும் என்கிறார். மழை மேலிருந்து வராது, பக்கவாட்டில் வரும் என்கிறார். மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தாக இருப்பதால் சோபாவைக் கயிறு கட்டி ஜன்னல் வழியாகத்தான் ஏற்றினார்களாம். இத்தனையும் சொல்லிவிட்டு, "இங்க எல்லாத்துக்கும் சைக்கிள்தான் கண்ணு. என்ன, காத்து எப்பவும் எதுத்தே அடிக்கும்" என்றார்.

"போறப்ப எதுத்து அடிச்சா, வாரப்ப பின்னால தள்ளிவிடோணுமில்லீங்களா அத்தை?"

"வாரப்பவும் எதுத்துத்தான் அடிக்கும். ஏன்னு இந்த ஊருக்காரங்களுக்கே தெரியலை."

ஒரு கோடையில் அங்கே வெக்கை வந்துவிட்டது. வீட்டில் ஏசி இல்லை, ஃபேன் மாட்டக் கொக்கிகூட இல்லை. அத்தை நனைத்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பேசினார், கோயமுத்தூரில் பிறந்தவள் வெயிலுக்கு அழுகிறேன் பார் என்று. "ஐந்தோவன்னு பேர் வெச்சப்பவே நாம சுதாரிச்சிருக்கோணுமுங்க அத்தை, அஞ்சு ஓவன் இருக்கற ஊரு" என்றேன். இந்த முறை கிள்ளியது அப்பா. சிரித்தது அம்மா.

இப்படி இரண்டு கண்டங்களையும் மட்டம் தட்டிவிட்டு, நம் ஊரை மட்டும் உச்சியில் வைத்தேன். ஜூன் மாதம் பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்றும் அதோடு சேர்ந்து விழும் பூந்தூறலும் எந்தப் பணக்கார ஊரில் கிடைக்கும்? வீட்டிலிருந்து இறங்கி நூறு அடி நடந்தால் பேக்கரி, சூடான பப்ஸ், பெஞ்சில் தெரிந்த முகம் குறைந்தது இரண்டு. இதையெல்லாம் நான் அடுக்கும்போது அப்பாவும், "அதென்னமோ வாஸ்தவம், நம்மூரு கிளைமேட்டே தனி" என்று ஒத்துக்கொள்வார். அதைச் சொல்லும்போது அவர் தலைக்கு மேல் ஃபேன் ஓடும், எதிரே டேபிள் ஃபேன் ஓடும், போன மாசம் மாட்டிய ஏசியின் ரிமோட்டைத் தேடிக்கொண்டிருப்பார். ஏரிப்பக்கத்துக் கொசுவைப் பற்றியும், தோண்டிப் போட்டு மூடாத ரோட்டைப் பற்றியும் நான் வாயே திறக்கவில்லை. விற்கிறவன் சொத்தையைக் காட்டமாட்டான், மாமாவும் அத்தையும் காட்டுகிறார்களா என்ன?

காட்டவில்லை. அதை நான் வேறு வழியில் தெரிந்துகொண்டேன். ஒரு வசந்தகாலத்துச் சாயங்காலம் டல்லாஸில் சூறாவளி எச்சரிக்கைச் சங்கு ஊதி, மாமா குடும்பத்தோடு துணி வைக்கும் அறைக்குள் சைக்கிள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். மாமி சொல்லித்தான் தெரியும். சங்கு நின்றதும் பின்வீட்டு மனிதர், அதுவரை பேர்கூடத் தெரியாதவர், டார்ச்சோடு வீடு வீடாகக் கதவைத் தட்டி எல்லோரும் நலமா என்று பார்த்துக்கொண்டு வந்தாராம். அத்தை ஒரு தை மாதம் உறைந்த பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆறு வருடமாக வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத பக்கத்து வீட்டுப் பெண்மணி பத்து நாள் வந்து, கேட்காமலேயே பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மகனே, இந்தக் கடிதத்தில் புத்தி என்று நான் சொல்ல வருவது இது ஒன்றைத்தான். ஊரைப் பற்றி ஊர்க்காரரிடம் வீட்டையும் வெயிலையும் கேட்காதே. ஒரு கெட்ட நாள் வந்ததே, அன்றைக்கு யார் வந்தார்கள் என்று கேள். நான் கேட்காமல் விட்டது பிழை. கேட்டிருந்தால் கிண்டல் செய்ய விஷயம் குறைந்துபோயிருக்கும்.

எனக்கு வெளியூர் அனுபவமே இல்லை என்று நினைத்துவிடாதே. பத்தாவது முடிந்ததும் ஈரோட்டுப் பக்கம் பெருந்துறையில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நாலாம் நாள் வெளிநடப்பு செய்தேன். சாம்பாருக்கு எதிரான போராட்டம் அது. அப்பாவே வந்து காரில் அழைத்துப் போகும்படி ஆயிற்று. என்னை அடைத்து வைக்க எந்த ஊராலும் முடியாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. இந்தப் பத்தியை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு தேவைப்படும்.

பேசிப் பேசித் தீராததால், கடைசியில் பூக் கேட்பது என்று முடிவானது. நீ வளரும் காலத்தில் இது இருக்குமோ என்னவோ, சொல்லிவிடுகிறேன். பெரிய காரியம் எதிலாவது முடிவுக்கு வர முடியாவிட்டால் நம் பக்கத்தில் குலதெய்வத்திடம் போய்விடுவோம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். எது எதற்கு என்று முன்கூட்டியே மனதில் நேர்ந்திருக்க வேண்டும். கோயிலுக்கு வந்தவரில் கேள்வி இன்னதென்று தெரியாத யாராவது ஒருவர் வந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பார். பூசாரி பிரிப்பார். வந்த பூதான் வாக்கு. மற்ற பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

பவானிக்குப் போகும் வழியில் இருக்கிறது அப்பா வழிக் கோயில். போன ஞாயிறு மூவரும் போனோம். வெள்ளை யாருக்கு என்பதிலேயே தகராறு. வெள்ளை வந்தால் சுபம் என்று ஒரு பேச்சு உண்டு, அதனால் இரண்டு கட்சிக்கும் வெள்ளைதான் வேண்டும். "கோயில் உங்களுது, பூசாரி உங்களுது. பூவாவது எங்களுக்கு இருக்கட்டுமுங்க" என்றார் அம்மா. அப்பா விட்டுக்கொடுத்தார். வெள்ளை அமெரிக்கா, சிவப்பு ஐரோப்பா. அடுத்து, பொட்டலம் யார் மடிப்பது? அப்பா மடித்தால் அம்மாவுக்குச் சந்தேகம், அம்மா மடித்தால் அப்பாவுக்குச் சந்தேகம். நடுநிலைக் கட்சிக்காரனான என் கையில் இரண்டு அரளிப் பூக்களையும் கொடுத்து, மண்டபத்துக்குப் பின்னால் போய் மடித்து வரச் சொன்னார்கள். மகனே, பூனையிடம் பாலைக் கொடுத்தார்கள் என்று நினைக்காதே, பூனைக்குப் பால் கறக்கவே சொல்லிக் கொடுத்தார்கள். வெள்ளையையும் சிவப்பையும் சட்டைப் பையில் போட்டேன். அர்ச்சனைத் தட்டில் இருந்த மஞ்சள் சாமந்தியில் ஆளுக்கொன்றாக இரண்டு பொட்டலத்திலும் வைத்துக் கட்டினேன்.

திருப்பூரிலிருந்து வந்த ஒரு அம்மணி எடுத்துக் கொடுத்தார். பூசாரி பிரித்தார். பிரித்த இலையைச் சற்று நேரம் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க நேந்தது வெள்ளையும் செவப்பும்தானுங்களே?"

"ஆமாங்க" என்றார் அப்பா.

"மஞ்சள் வந்திருக்குதுங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா பூசாரியைப் பார்த்தார். நான் அம்மனைப் பார்த்து, முகத்தை எவ்வளவு அப்பாவியாக வைக்க முடியுமோ அவ்வளவு வைத்துக்கொண்டு சொன்னேன், "ரெண்டுமே வேண்டாம், இங்கயே இருக்கட்டும்னு சொல்லுதோ என்னமோங்க." பூசாரி, "இருக்குமுங்க, இருக்கும்" என்றார். அவருக்கும் வேறு விளக்கம் கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது காரில் அப்பாவுக்கு மாமா மீது சந்தேகம், பூசாரிக்கு டல்லாஸிலிருந்து போன் போயிருக்குமோ என்று. அம்மாவுக்கு அத்தை மீது அதே சந்தேகம். எனக்கு மட்டும் காற்று பின்னாலிருந்து தள்ளியது. அன்றைக்கு இந்தக் கடிதத்தை எழுதியிருந்தால் இங்கேயே முற்றும் போட்டு, 'எவன் வந்து இழுத்தாலும் அசையாதே, உன் அப்பன் அசையவில்லை' என்று முடித்திருப்பேன்.

ஆனால் திங்கட்கிழமை வந்தது. துணி போடுவதற்கு முன்னால் பைகளைத் துழாவுவது அம்மாவின் பழக்கம். பேப்பர் இருந்தால் மற்ற துணியெல்லாம் பாழாகிவிடும். நீலக் கட்டச் சட்டையின் பையிலிருந்து நசுங்கிய வெள்ளைப் பூ ஒன்றும் சிவப்புப் பூ ஒன்றும் வந்தன. நான் இட்லி தின்றுகொண்டிருந்தேன். அம்மா சட்டையை நாற்காலியில் போட்டுவிட்டு, இரண்டு பூவையும் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதில் தயாராக இருந்தது.

"போறதுக்குப் பயமா இருக்குதா கண்ணு?"

"பயமெல்லாம் இல்லம்மா. அந்த ஊரு தண்ணி ஒத்துக்காது."

"குடிக்கறதுக்கு முன்னாலயே தெரிஞ்சுபோச்சா?"

இட்லியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சாம்பாருக்கு எதிராகப் போராட்டமெல்லாம் நடக்கவில்லை. ஹாஸ்டல் சாம்பார் நன்றாகவே இருந்தது. மூன்று நாளும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். நாலாம் நாள் வார்டன்தான் பாவப்பட்டு அப்பாவுக்குப் போன் செய்தார். பெருந்துறையிலேயே அந்த நிலைமை என்றால் பனி கொட்டும் ஊரில் என்ன ஆவேன்? மாமாவைக் கிண்டல் செய்ததும் அத்தையைக் கிண்டல் செய்ததும், இரண்டு ஊரும் மட்டம் என்று ஆகிவிட்டால் நான் பயந்தவன் என்று ஆகாதல்லவா, அதற்காக.

"வார்டன் அன்னிக்கே சொல்லிப்போட்டாரு" என்றார் அம்மா. "உங்கப்பாதான், அவன் சாம்பார்னு சொன்னா சாம்பாராவே இருக்கட்டும்னாரு."

அப்பாவுக்கு மத்தியானம் விஷயம் போயிற்று. பட்டறையிலிருந்து கைக் கரியைத் துடைத்துக்கொண்டே வந்தவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்ககிட்ட வெளையாடு, மாமன்கிட்ட வெளையாடு. அம்மன்கிட்ட வெளையாண்டுபோட்ட. வெள்ளிக்கிழமை வந்து நீயே தப்புக் கேட்டுக்க." அவ்வளவுதான். கை கழுவப் போனவர் பாதி வழியில் நின்று, "மஞ்சளையும் ஒண்ணு சேத்து வெப்போம்" என்றார் அம்மாவிடம். "இங்கயே இருக்கறதுக்கு. அதுவும் நேந்தே கேப்போம்."

வெள்ளிக்கிழமை நான் விழுந்து கும்பிட்டுத் தப்புக் கேட்டேன். மூன்று பூ. என்னைத் தூண் பக்கம் உட்கார வைத்துவிட்டு, அப்பாவும் அம்மாவும் சேர்ந்தே மடிக்கப் போனார்கள். மூன்று மாதத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. எடுத்துக் கொடுக்க வந்தவர் வழியில் டீக் குடிக்க நின்ற லாரி டிரைவர், சாமி கும்பிட உள்ளே வந்தவர். மூன்று பொட்டலத்துக்கும் மேலே அவர் கை கொஞ்சம் தயங்கியது. அந்தத் தயக்கத்தில்தான், மகனே, எனக்குள் ஒன்று கேட்டது. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. நானே திடுக்கிட்டுப் போனேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? இரண்டு மாதமாக யாருக்கும் தெரியாமல் போனில் அத்தை ஊர்த் தெருக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை எத்தனை திருப்பம் என்று தெரியும். எந்த முனையில் பேக்கரி என்று தெரியும். மழைக்கோட்டு மாட்டிய ஒரு சின்னப் பெண், ஆறாவது ஏழாவது படிக்கிறவளாக இருப்பாள், எதிர்க்காற்றில் எழுந்து நின்று சைக்கிள் மிதிக்கும் படம் ஒன்று அத்தை அனுப்பியிருந்தார். அதைக் கொட்டாவி விட்டுக்கொண்டே பார்த்தேன். பிறகு தனியாகப் பலமுறை பார்த்தேன்.

பூசாரி பிரித்தார். பிரித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த வாட்டி நேந்ததேதானுங்க. மஞ்சள்."

மூன்று மாதம் மார் தட்டிக் கேட்டது கிடைத்துவிட்டது. அம்மனே என் கட்சிக்கு ஓட்டுப் போட்டாயிற்று. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். அப்பா, "சரி, இனிப் பேச்சில்லை" என்று திருநீற்றுத் தட்டை நோக்கிக் கை நீட்டினார். எனக்குப் பொக்கென்று போய்விட்டது.

"ஏனுங்க" என்று ஒரு குரல் கேட்டது. "இன்னொருக்கா கேக்கலாமுங்களா?"

கேட்டது அப்பாவின் குரல் இல்லை, அம்மாவின் குரலும் இல்லை. அப்பா நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு திரும்பினார்.

"எது வரோணும்னு கேக்கற?"

எங்கேயும் போகமாட்டேன் என்று சொன்ன அதே வாயால், லாரி டிரைவர், பூசாரி, அம்மன் ஆகியோர் முன்னிலையில், "செவப்புங்க" என்றேன்.

"அதை வாயத் தொறந்து சொல்றதுக்கு ரெண்டு வாட்டி சாமியத் தொந்தரவு பண்ணியிருக்கறோம்" என்றார் அம்மா. லாரி டிரைவருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

இன்று மத்தியானம் ஆர்.எஸ்.புரத்தில் மழைக்கோட்டு வாங்கப் போகிறோம், மழை பக்கவாட்டில் வந்தாலும் தாங்குகிற மாதிரி. சைக்கிள் இன்னும் சரியாக ஓட்டத் தெரியாது, அதையும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மாமாவுக்கு விஷயம் போகவில்லை. இந்தக் கடிதம் கிடைக்கும்போது அவர் பக்கத்தில் இருந்தால், கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு மீதியைப் படித்துக் காட்டு.